சிவிலா, மெக்கானிக்கலா? - ஒரு பி.காம் மாணவனின் கணக்கு

வீட்டில் இரண்டு வாரமாக ஒரே பஞ்சாயத்து. தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். சென்டாக் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மிச்சம் நிற்பது இரண்டு. சிவிலா, மெக்கானிக்கலா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா குவைத்தில் பதினான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அவர் சொல்கிறார், "சிவில் எடும்மா. மெஷினோட மாரடிச்சது நான் ஒருத்தன் போதும்." மாமா காரைக்காலில் சின்ன அளவில் கட்டட காண்ட்ராக்ட் எடுப்பவர். அவர் சொல்கிறார், "மெக்கானிக்கல் எடுத்துடு பாப்பா. வெயில்ல நின்னு மேஸ்திரிகிட்ட மல்லுக்கட்டுற பொழப்பு எங்களோட போகட்டும்." இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் தங்கை என் பக்கம் திரும்பினாள். "நீதான் பி.காம் படிக்கிறியே. எதுல காசு அதிகம்னு கணக்குப் போட்டுச் சொல்லேன்."

பி.காம் படிக்கிறவன் இன்ஜினியரிங் பற்றிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். சம்பளம் என்று வந்துவிட்டால் அது எங்கள் பாடம்தான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் இன்றைய சம்பளம்

அரசு வேலையில் ஆரம்பித்தேன். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வில் சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்கும் ஒரே ஊதிய நிலை. ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 6, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.35,400. யு.பி.எஸ்.சி நடத்தும் இன்ஜினியரிங் சர்வீஸ் தேர்வில் தேறினால் லெவல் 10, ரூ.56,100. அங்கேயும் இரண்டும் சமம். பொதுத்துறைக்குப் போனாலும் இதே கதைதான். எங்கள் ஊர் நிரவியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓ.என்.ஜி.சி.யில் 2017 ஊதிய மாற்றத்துக்குப் பிறகு இ-1 நிலை அதிகாரிக்கு 60,000 - 1,80,000. என்ன பிரிவு படித்தாய் என்று சம்பளப் பட்டியல் கேட்பதில்லை.

சரி, வெளிநாட்டில் எப்படி? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி சிவில் இன்ஜினியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 95,890 டாலர். மெக்கானிக்கலுக்கு 99,510 டாலர். வித்தியாசம் நான்கு சதவீதம்கூட இல்லை.

உள்ளூர்த் தனியார் கம்பெனிகளுக்கு அரசுக் கணக்கு எதுவும் கையில் இல்லை. அதனால் தெரிந்த அண்ணன்கள் ஆறு பேரைக் கேட்டேன். மூன்று பேர் சிவில், மூன்று பேர் மெக்கானிக்கல். முதல் சம்பளம் 12,000-இல் இருந்து 22,000 வரை. அதிகம் வாங்கியவர் ஒரு சிவில் அண்ணன், குறைவாக வாங்கியவரும் ஒரு சிவில் அண்ணன். ஆறு பேரை வைத்துப் புள்ளியியல் பேசினால் எங்கள் சார் மார்க்கைக் குறைத்துவிடுவார், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆக, "எதில் காசு அதிகம்" என்ற கேள்விக்குப் பதில், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏன் ஒரு காலத்தில் எல்லோரும் சிவிலுக்கு ஓடினார்கள், இன்னொரு காலத்தில் மெக்கானிக்கலுக்கு ஓடினார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய கதைக்குள் போனேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சிவிலுக்கு ஒரே முதலாளி

"சிவில்" என்ற சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம், ராணுவம் அல்லாத என்பதுதான். கோட்டையும் பாலமும் கட்டியவர்கள் ராணுவ இன்ஜினியர்கள். இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் போன்றவர்கள், நாங்கள் பொதுமக்களுக்காகக் கால்வாயும் கலங்கரை விளக்கமும் கட்டுகிறோம், அதனால் சிவில் இன்ஜினியர் என்றார்கள். 1771-இல் அவர்களுக்கு ஒரு சங்கம் உருவானது. 1818-இல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் கழகம் தொடங்கியது. ரயில் வந்து, நீராவி எஞ்சின் ஊரெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு 1847-இல் பர்மிங்காமில் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் தனிக் கழகம் கண்டார்கள். முதல் தலைவர் ரயில் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன். மெக்கானிக்கல் 29 வருடம் இளைய தம்பி.

நம் ஊரிலும் அதே வரிசைதான். இன்றைய கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி 1794-இல் சர்வே பள்ளியாகப் பிறந்தது. 1859-இல் சிவில் இன்ஜினியரிங் கல்லூரி ஆனது. மெக்கானிக்கல் படிப்பு வந்தது 1894-இல். இடையில் 35 வருடம், இன்ஜினியர் என்றால் சிவில் என்றுதான் பொருள்.

ஏன் சிவிலுக்கு அவ்வளவு மதிப்பு? டல்ஹௌசி காலத்தில், 1854-இல், பொதுப்பணித் துறை உருவானது. அணை, வாய்க்கால், சாலை, பாலம், எல்லாம் சர்க்கார் வேலை. டெல்டாவில் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டிய பிறகு, தண்ணீர் ஒழுங்காக வந்தால் நிலவரியும் ஒழுங்காக வரும் என்று சர்க்காருக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. வரி கொண்டுவரும் வேலைக்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளியும் தயங்க மாட்டான்.

ஆனால் அந்தச் சம்பளம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 1872-இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில், இந்தியாவுக்கு இன்ஜினியர்களை அனுப்பவென்றே ஒரு கல்லூரி திறந்தார்கள். 1906 வரை நடந்தது. அங்கே படித்து வந்தவருக்கு ஒரு தட்டு, இங்கே படித்த இந்தியருக்கு ஒரு தட்டு. 1892-இல் பொதுப்பணித் துறையில் இதை இம்பீரியல் சர்வீஸ், புரவின்ஷியல் சர்வீஸ் என்று முறையாகவே பிரித்துவிட்டார்கள். ஒரே படிப்பு, ஒரே வெயில், ஒரே வாய்க்கால். சம்பளம் மட்டும் வேறு.

விஸ்வேஸ்வரய்யா 1884-இல் பம்பாய் பொதுப்பணித் துறையில் சேர்ந்தவர். அவ்வளவு திறமை இருந்தும் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியருக்குக் கிடைக்கிற காலமாக அது இல்லை. 1908-இல் வேலையை விட்டு வெளியே வந்தார். அடுத்த வருடமே மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமைப் பொறியாளர் ஆக்கியது. ஆள் அதே ஆள், பாடம் அதே பாடம். முதலாளி மாறினார், பதவி மாறியது. அங்கே அவர் எழுப்பிய கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தாண்டி வரும் காவிரியின் கடைசிச் சொட்டுக்குத்தான் காரைக்கால் இன்றும் காத்திருக்கிறது என்பது தனிக் கதை.

நான் எடுத்துக்கொண்ட முதல் பாடம் இது. சம்பளத்தைத் தீர்மானித்தது பாடம் அல்ல, சம்பளம் கொடுத்தவர்.

மெக்கானிக்கலின் முதல் வீடு பக்கத்து ஊரில்

மெக்கானிக்கல் கதைக்கு நாம் பர்மிங்காம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வரும் நாகப்பட்டினம் போதும். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகையில்தான் தொடங்கியது. 1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், 1862-இல் திருச்சிக்கும் ரயில் ஓடியது. 1874-இல் அது தென்னிந்திய ரயில்வே ஆனது. எஞ்சினையும் பெட்டியையும் பழுது பார்க்க நாகையில் பெரிய பட்டறை இருந்தது. ஃபிட்டர், டர்னர், கொல்லர், மோல்டர் என்று அந்தப் பட்டறையை நம்பி ஏகப்பட்ட குடும்பங்கள். மேலே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனாலும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதா மாதம் கூலி வந்தது. மழையைப் பார்த்து வாழ்ந்த டெல்டாவில் அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு ஒரு நாள் முதலாளி, பட்டறையைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்ற முடிவு செய்தார். கூடவே ஆட்குறைப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தொழிலாளர்களுக்குத் தேர்வு வைப்போம் என்றார்கள். பத்திருபது வருடம் சுத்தியல் பிடித்தவனிடம் தேர்வு எழுதிக் காட்டு என்றால் எப்படி இருந்திருக்கும்? 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள், சிறைக்கும் போனார்கள். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. பட்டறை போயே போய்விட்டது. இன்று பொன்மலை ஒரு பெரிய ரயில்வே ஊர். நாகையில் பட்டறை இல்லை.

இது இரண்டாவது பாடம். மெக்கானிக்கல் வேலைக்கு வேர் மண்ணில் இல்லை, மெஷினில் இருக்கிறது. மெஷின் இருக்கும் வரை வேலை உண்டு. மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினால் வேலையும் ஏறிவிடும்.

இதைப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் பெரம்பூர் ஐ.சி.எஃப், 1965-இல் திருச்சி பெல், 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. மெக்கானிக்கல் என்றால் எவர்கிரீன் என்று சொல்லும் பழக்கமும் கூடவே வந்தது. 2010-களின் முதல் பாதியில் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் மெக்கானிக்கலுக்குப் பெரிய கூட்டம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே மெக்கானிக்கலில் இடங்கள் காலியாகக் கிடந்தன. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. நாகைத் தொழிலாளி 1928-இல் பார்த்ததை இவர்கள் 2022-இல் பார்த்தார்கள்.

சிவில் மட்டும் தப்பித்ததா? இல்லை. 2000-களில் துபாயில் கோபுரம் கோபுரமாக எழும்பியபோது சிவில் படித்தவனுக்கு விசா வீடு தேடி வந்தது. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பாதிக் கட்டடத்தோடு கிரேன்கள் நின்றன. போன வேகத்திலேயே பலர் திரும்பி வந்தார்கள்.

இப்போது எங்கள் பாடம்

பி.காம் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. கடைக்குக் கட்டடம் கட்டினால் மூலதனச் செலவு. ஒரு தடவை பெரிதாகப் போகும், பலன் பல வருடம் வரும். கடைக்குக் கரண்ட் பில் கட்டினால் வருவாய்ச் செலவு. சின்னதாக இருக்கும், ஆனால் மாதா மாதம் வரும்.

இந்த இரண்டு துறையையும் இப்படிப் பார்த்தால் நூற்றைம்பது வருடக் கதையும் விளங்கிவிடுகிறது. சிவில் இன்ஜினியரின் சம்பளம் பெரும்பாலும் மூலதனச் செலவிலிருந்து வருகிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரின் சம்பளம் பெரும்பாலும் வருவாய்ச் செலவிலிருந்து வருகிறது. சிவில், ஒன்று கட்டப்படும் காலத்தின் சம்பளம். மெக்கானிக்கல், அது ஓடும் காலத்தின் சம்பளம்.

கஷ்ட காலம் வந்தால் எந்த நிறுவனமும், எந்த அரசும் முதலில் வெட்டுவது மூலதனச் செலவைத்தான். புதிய கட்டடம் அடுத்த வருடம் பார்க்கலாம், ஆனால் ஓடுகிற மெஷினை நிறுத்த முடியாது. அதனால்தான் சிவிலில் ஏற்றமும் பலமாக இருக்கிறது, இறக்கமும் பலமாக இருக்கிறது. மெக்கானிக்கல் சமமாகப் போகும், போகும், ஒரு நாள் ஆலையே போய்விடும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. வாய்க்கால் தூர்வாருவது சிவில்தான், ஆனால் அது வருடா வருடம் வரும் செலவு. புதிய ஆலையில் மெஷின் நிறுவுவது மெக்கானிக்கல்தான், ஆனால் அது மூலதனச் செலவு. பொதுவாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

காரைக்கால் கணக்குப் புத்தகம்

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரைப் பார்த்தேன்.

பேரளம் - காரைக்கால் ரயில் பாதை பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1898-இல் திறந்தது. 1980-களின் கடைசியில் மூடிவிட்டார்கள். தண்டவாளமும் போனது. நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் புதிய பாதையில் ரயில் வந்தது 2011-இல். பேரளம் பாதை மறுபடி அகலப் பாதையாகத் தயாரானது 2025-இல். ஒரே ஊர்ப் பாதைக்கு நூறு வருட இடைவெளியில் இரண்டு முறை சிவில் வேலை. நடுவில் இருபது வருடத்துக்கு மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மீனவ கிராமங்களுக்கு வீடுகள் கட்டினார்கள். அந்தச் சில வருடங்கள்தான் தனக்கு மூச்சு விட நேரம் இல்லாத காலம் என்று மாமா சொல்வார். வீடுகள் முடிந்தன, வேலையும் முடிந்தது. அது துக்கத்தில் வந்த வேலை என்பதால் அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார்.

வாஞ்சூர் துறைமுகம் 2009-இல் செயல்பட ஆரம்பித்தது. அலைத்தடுப்பும் தளமும் கட்டும்போது சிவில் ஆட்கள் நிறைய. கட்டி முடிந்த பிறகு கிரேனும் கன்வேயரும் ஓட்ட மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆட்கள். கடன் சிக்கலில் மாட்டி, 2023-இல் துறைமுகம் அதானி கைக்குப் போனது. முதலாளி மாறினாலும் கிரேன் ஓடியாக வேண்டும். திருமலைராயன்பட்டினம் பக்கத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-இலிருந்து இருக்கிறது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், டர்பைனைப் பார்த்துக்கொள்பவர்கள் இருந்தார்கள்.

சிவிலுக்கு எங்கள் ஊரில் நிரந்தரமாக ஒன்று உண்டு என்றால் அது தண்ணீர். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் குறைக்கவில்லை. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு என்று கடைமடைக்கு வரும் அந்தத் தண்ணீருக்கு மதகு வேண்டும், கரை வேண்டும், தூர்வார வேண்டும். அதற்குப் பொதுப்பணித் துறையில் ஆள் வேண்டும். ஆனால் மொத்தம் எத்தனை நாற்காலி? ஒருவர் ஓய்வு பெற்றால்தான் இன்னொருவர்.

எஸ்.எஸ்.சி ஜே.இ மாதிரி தேர்வுகளிலும் இதே கதையைப் பார்க்கலாம். சம்பளம் சமம்தான், ஆனால் காலியிடங்களில் பெரும்பகுதி சிவிலுக்கு. ஓ.என்.ஜி.சி மாதிரி இடங்களில் தலைகீழ். துளையிடுவதும் உற்பத்தியும் மெஷின் வேலை என்பதால் மெக்கானிக்கலுக்குக் கதவு அகலம். அதனால் அரசு வேலை என்று சொல்பவர்களும் எந்த அரசு வேலை என்று சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஊருக்கு என்.ஐ.டி வந்தபோது ஆரம்பத்தில் இருந்தவை கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் மட்டுமே. ஆறும் துறைமுகமும் இருக்கும் ஊரில் சிவிலும் மெக்கானிக்கலும் சில வருடம் கழித்துத்தான் வந்தன. கல்லூரிகளும் அன்றைய சந்தையைப் பார்த்துத்தான் கடை திறக்கின்றன.

பெண் பிள்ளைக்கு எது?

இது வீட்டில் யாரும் வெளிப்படையாகச் சொல்லாத, ஆனால் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. கடைசியில் சித்திதான் கேட்டார். "பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்கு?"

கிண்டியில் 1940-களில் படித்த முதல் பெண்கள் மூவர். லலிதா எலக்ட்ரிக்கல். திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில். மெக்கானிக்கலில் ஒருவரும் இல்லை. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்தக் காலத்து இந்தியருக்கே எட்டாமல் இருந்த நாற்காலி, அறுபத்து மூன்று வருடத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. இது சிவில் பக்கத்து நியாயம்.

ஆனால் லலிதா கதையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அவர் ஒரு வருடம் பயிற்சி எடுத்தது பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில். ரயில் பட்டறைக்குள் ஒரு பெண், அதுவும் 1940-களில். அப்போதே முடிந்தது, இப்போது ஏன் முடியாது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தங்கையிடம் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். யார் சம்பளம் கொடுப்பார்? எந்த ஊரில் கொடுப்பார்? எத்தனை வருடத்துக்குக் கொடுப்பார்? எதில் காசு அதிகம் என்ற கேள்வியை அடித்துவிட்டேன். நான்கு வருடம் கழித்து அவள் வெளியே வரும்போது இன்றைய சந்தை இருக்கப் போவதில்லை. 2012-இல் சேர்ந்தவர்களுக்கு 2016-இல் கிடைத்த அதிர்ச்சியை ஆறு அண்ணன்களும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் தாளைப் படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"சிவில்னா வேலை முடிய முடிய நான் வேற ஊர் போகணும். மெக்கானிக்கல்னா பட்டறை போனாத்தான் நான் போகணும். அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நாகப்பட்டினத்துல இருந்து பொன்மலைக்குப் போனவங்க, அங்க போய் நல்லாத்தானே இருந்தாங்க?"

"போனவங்க இருந்தாங்க. கூட்டிட்டுப் போகாம விட்டவங்கதான் கஷ்டப்பட்டாங்க."

"அப்போ கூட்டிட்டுப் போற மாதிரி வேலை கத்துக்கிட்டா போதும்" என்றாள்.

பட்டியலில் முதல் இடத்தில் மெக்கானிக்கல். இரண்டாவது இடத்தில் சிவில். அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. அன்று ராத்திரி அலமாரியிலிருந்து ஒரு பழைய பையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே அவருடைய வெர்னியர் காலிப்பர். குவைத்திலிருந்து திரும்பும்போது கொண்டு வந்தது. அதில் எப்படி அளவு பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெஷினோடு மாரடித்தது போதும் என்று சொன்னவர் அவர்தான்.